மோட்டார்ஹோம் என்னும் மனையுந்து

ஓய்வு பெற்றபின் கைமாறிய பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி, நானும் மனைவியும் அதில் ஊர் சுற்றி வருகிறோம். யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "கேரவனா?" என்பதுதான். இல்லை என்று விளக்கத் தொடங்கினால், சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி அடுத்து வந்து நிற்கும்.

சொந்த எஞ்சினில் ஓடி, உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் நிலையாகப் பொருத்தப்பட்ட வண்டிதான் மோட்டார்ஹோம். பிரிட்டனில் கேரவன் என்றால் பெரும்பாலும் எஞ்சின் இல்லாதது. காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப் போவது. அமெரிக்கர்கள் இரண்டையும் சேர்த்து ஆர்.வி. என்பார்கள். நமக்கோ கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஒப்பனைக்கும் ஓய்வுக்கும் பயன்படுத்தும் வண்டிதான் நினைவுக்கு வருகிறது.

கேரவன், பாரசீக மொழியின் 'கார்வான்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பாலைவனத்தைக் கூட்டமாகக் கடக்கும் வணிகர்களையும் பயணிகளையும் அது குறித்தது. அதாவது வண்டியை அல்ல, கூட்டத்தை. ஐரோப்பிய மொழிகளுக்குப் போனபின் மூடு வண்டிக்கும், பிறகு சக்கர வீட்டுக்கும் பெயரானது. நாம் அன்றாடம் சொல்லும் 'வேன்' கூட கேரவனின் வால்துண்டுதான். கார்வானின் பழைய பொருளுக்குத் தமிழில் 'சாத்து' என்ற சொல் உண்டு. கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயருக்குள் இருப்பது அந்தச் சாத்துதான். ஆனால் சாத்து வணிகக் கூட்டத்துக்கே பொருந்தும். இரண்டு பேர் படுத்துறங்கும் வண்டிக்கு அதைக் கொண்டுவர முடியாது.

மோட்டார்ஹோமுக்கு இவ்வளவு நீண்ட பயணம் இல்லை. இயக்குவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லான மோட்டாரும், வீடு என்னும் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்தது, அவ்வளவுதான். தமிழில் அப்படியே எழுதினால் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு மோட்டார் என்றால் முதலில் தண்ணீர் இறைப்பது. மோட்டார்ஹோம் என்பதைக் கேட்டவர் அதை வைத்திருக்கும் அறை என்று நினைத்தாலும் வியப்பில்லை.

மோட்டாருக்கு நம்மிடம் 'உந்து' இருக்கிறது. உந்துதல் என்றால் முன்னே தள்ளுதல். பேருந்து, மகிழுந்து, சரக்குந்து எல்லாம் இதில் பிறந்தவைதான். அந்த வரிசையில் வீட்டைச் சேர்த்துப் பார்த்தேன். 'வீட்டுந்து' நாக்கில் தட்டுகிறது. 'உறையுந்து' என்றால் உறைபனியும் தலையணை உறையும் நினைவுக்கு வருகின்றன. 'இல்லுந்து' அழகுதான், ஆனால் 'இல்லை' என்று காதில் விழுகிறது. 'மனையுந்து' நன்றாக ஒலிக்கிறது. மனை என்றால் இன்று காலி நிலம் என்றும் பொருள் இருக்கிறது. ஆனாலும் இல்லத்தரசியை மனையாள் என்றும் மனைவி என்றும் சொல்கிற மொழியில் வீடு என்ற பழைய பொருள் அழிந்துவிடவில்லை. எழுத்தில் மனையுந்து, பேச்சில் வீட்டுவண்டி என்பதே என் தேர்வு. 'பயண ஊர்தி', 'சுற்றுலா ஊர்தி' என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவற்றில் வீடு இல்லை.

வீடு இருந்தே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம், பழைய வண்டியோடு பட்ட அனுபவம்தான். உந்தும் மனையும் ஒரே மாதிரி முதுமையடைவதில்லை. எஞ்சின் ஓடிய தூரத்தைக் கணக்குக் காட்ட மானி இருக்கிறது. வீட்டுப் பகுதிக்கு அப்படி எதுவும் இல்லை. அதைக் கெடுப்பது தண்ணீர். கூரையில் காற்றுத்துளை, ஜன்னல், ஆன்டெனா பொருத்திய இடங்களைச் சுற்றிப் பூசிய அடைப்புப் பசை வெயிலில் காய்ந்து வெடிக்கும். அந்த விரிசல் வழியே இறங்கும் மழைநீர் சுவரின் இரு பலகைகளுக்கு நடுவே தங்கி, உள்ளே இருக்கும் மரத்தை ஊறவைத்து மட்கச் செய்யும். வெளியே தெரியும்போது சுவர் உப்பியிருக்கும்; விரலால் தட்டினால் பொத்தென்று கேட்கும். குறைவாக ஓடியது என்று விற்பவர் மானியைக் காட்டும்போது நாம் பார்க்க வேண்டியது கூரையின் மூலைகளை. அசையாமல் நின்ற வண்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: டயரின் பள்ளங்கள் புதிதாகத் தெரியும், ரப்பர் மட்டும் கிழடாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

மின்கலமும் இரண்டு வகை. எஞ்சினைக் கிளப்புவதற்குச் சில நொடிகள் பெரும் மின்னோட்டம் தருவது ஒன்று. விளக்குக்கும் விசிறிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவது மற்றொன்று. உந்து மின்கலம், மனை மின்கலம் என்று சொல்லிவிட்டால் எவருக்கும் குழப்பமில்லை. எங்கள் வண்டியில் எது நின்றாலும் நாங்கள் முதலில் கேட்டுக்கொள்வது, "உந்துப் பழுதா, மனைப் பழுதா?" என்றுதான். எஞ்சின் தெரிந்த மெக்கானிக் பல நேரம் இந்த வண்டிகளின் ஃபிரிட்ஜைத் தொட மாட்டார். கம்ப்ரசர் இல்லாமல் வெப்பத்தால் அம்மோனியாவைச் சுழற்றும் அந்த வகை, வண்டி சாய்வாக நின்றால் சரியாகக் குளிராது. அது வேறொரு கைத்தொழில்.

ரிப்பேர் என்ற சொல்லையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அது சரிசெய்வது. தமிழிலோ "வண்டி ரிப்பேர்" என்றால் கெட்டுவிட்டது என்று பொருள். 'பழுதுபார்த்தல்' எனக்குப் பிடித்த சொல். வைத்தியம் பார்ப்பது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்பவற்றில் வரும் அதே பார்த்தல். பழைய மனையுந்துக்கு அதுதான் தேவை. ஒருமுறை சரிசெய்து விட்டுவிட முடியாது.

வண்டியில் குடும்பத்தோடு போவது தமிழுக்குப் புதிதும் அல்ல. உப்பு விற்ற உமணர்களின் வண்டியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது: மேலே கூரை வேய்ந்திருக்கிறது, கோழி தங்கக் கூடு இருக்கிறது, குழந்தையோடு இருக்கும் பெண் எருதுகளை ஓட்டுகிறாள். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் அந்த வண்டியின் அடியையும் பார்க்கிறார். எருதுகள் இளையவை, பாரம் பெரிது, பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ என்ன ஆகுமோ என்று உமணர்கள் அங்கே மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். "கீழ்மரத்து யாத்த சேம அச்சு" என்பது அவர் சொல். சேமம் என்றால் பாதுகாப்பு.

மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். அது வேல்ஸில் லனெத்லி என்ற ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாற்றுச் சக்கரம் செய்து விற்ற நிறுவனம் அங்கிருந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. எங்கள் வண்டியின் அடியில் தொங்குவதை இப்போது நாங்கள் சேமச் சக்கரம் என்றே சொல்கிறோம்.