அட்டிக் ஆன்டெனாவுக்கு எதிரி கேபிள் அல்ல, அலுமினியத் தாள்

டெக்சாஸில் டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் வீடு வாங்கியவர்கள் ரேடியோ ஸ்கேனர் (விமானம், ரயில், போலீஸ் பேச்சுகளைக் கேட்கும் ரிசீவர்) வாங்கியதும் கேட்கிற கேள்வி இது: கூரைமேல் ஆன்டெனா வைக்க வீட்டுச் சங்கம் விடாது, அட்டிக்கில் (கூரைக்கு அடியிலுள்ள பரணில்) வைத்தால் எடுக்குமா? டிவி ஆன்டெனாவையும் சின்ன டிஷ்ஷையும் சங்கங்கள் தடுக்கக் கூடாது என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1996-லேயே விதி செய்தது. ஸ்கேனர் ஆன்டெனா அந்த விதிக்குள் வராது. அதனால் அட்டிக்தான் வழி. மரப்பலகையும் தார் ஷிங்கிளும் போட்ட கூரை வி.எச்.எஃப். அலைகளை (விமானமும் ரயிலும் பேசும் வானொலி அலைகள்) பெரிதாகத் தடுக்காது. உயரமும் போதும்: தரையிலிருந்து 7 மீட்டரில் ஆன்டெனா இருந்தால், 10,000 மீட்டரில் பறக்கும் விமானம் கணக்குப்படி சுமார் 420 கி.மீ. வரை அதன் பார்வையில் இருக்கும்.

பல ஊர்களில் போலீஸ் அலைவரிசைகள் இப்போது மறைகுறியாக்கப்பட்டுவிட்டன. நியூயார்க் காவல்துறை 2023-ல் தொடங்கியது. எந்த ஆன்டெனாவும் அதைத் திறக்காது. விமானங்கள் (118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ், ஏ.எம்.), ரயில்கள் (160, 161 பக்கம்), அரசு வானிலை ஒலிபரப்பு (162.400 முதல் 162.550 வரை 7 சேனல்கள்) ஆகியவை இன்னும் திறந்தே இருக்கின்றன.

கேபிள் வாங்கப் போனதும் ஒரு பயம் தொற்றும். ஸ்கேனரின் இம்பீடன்ஸ் (அலைக்குக் காட்டும் எதிர்ப்பு) 50 ஓம், டிவிக்குப் போடும் ஆர்.ஜி.-6 கேபிள் 75 ஓம், பொருந்தாதே! கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு இம்பீடன்ஸ்கள் சந்திக்கும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பிப் போகும். எவ்வளவு என்றால், வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்: 25/125, அதாவது 0.2. ஆற்றல் வேண்டுமென்றால் அதன் வர்க்கம்: 4 சதவீதம். இப்போது ஜன்னல் கண்ணாடியை எடுங்கள். ஒளிவிலகல் எண் 1.5. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒளிக்கு 0.5/2.5, அதே 0.2, அதே 4 சதவீதம். உவமைக்காகச் சொல்லவில்லை, இரண்டும் ஒரே வாய்பாடு. வெற்றுவெளி அலைக்கு 377 ஓம் என்றால், கண்ணாடி சுமார் 251 ஓம். கண்ணாடியில் முகம் மங்கலாகத் தெரிவதும், ஆர்.ஜி.-6 முனையில் அலை கொஞ்சம் திரும்புவதும் ஒரே நிகழ்ச்சிதான்.

ஆக, 4 சதவீதத்துக்காகத் தூக்கம் கெட வேண்டாம். 50 ஓம்தான் வேண்டும் என்று மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் வாங்கினால், 15 மீட்டர் ஓட்டத்தில் 450 மெகாஹெர்ட்ஸில் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். ஆர்.ஜி.-6-ல் இழப்பு டெசிபல் கணக்கில் அதில் பாதிக்கும் குறைவு.

அதே வாய்பாட்டை இப்போது கூரைக்குப் போடுங்கள். டெக்சாஸ் போன்ற வெயில் மாநிலங்களில் பல புது வீடுகளின் கூரைப் பலகையில், வெப்பத்தைத் தடுக்க உட்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டியிருப்பார்கள். தடிமன் 7 மைக்ரான் என்று வைத்தால், அதன் ஒரு சதுரத் துண்டின் மின்தடை சுமார் 0.004 ஓம். 377 எங்கே, 0.004 எங்கே! வந்த அலை அநேகமாக முழுதும் திரும்பிவிடும். ஈரம் வெளியேற அதில் போட்டிருக்கும் ஊசித்துளைகளும் உதவாது. விமான அலையின் நீளம் 2.4 மீட்டர் அளவு, துளை அதன் முன் ஒன்றுமேயில்லை. நீளமான இடுக்குகள் வேறு கதை. பலகைகளுக்கு நடுவே உள்ள கீறலும் முகட்டுக் காற்றுவழியும் ஓரளவு கசிய விடும். அதனால் மொத்தமாக அடைபடாது, ஆனால் மெலிந்த குரல்கள் போய்விடும்.

எனவே ஆணி அடிப்பதற்கு முன், ஸ்கேனரை அதன் ரப்பர் ஆன்டெனாவோடு மேலே கொண்டுபோய் ஒரு மெலிந்த சேனலை வையுங்கள். வாசலில் கேட்டது மேலே கேட்கவில்லையா, பலகையின் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் தாள் ஒட்டாத முக்கோணச் சுவர்ப் பக்கம் ஆன்டெனாவை நகர்த்துங்கள். தகரக் கூரையென்றால் அட்டிக்கை மறந்துவிடலாம்.

ஆன்டெனாவை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு எஸ்.ஓ.-239 சாக்கெட் (கேபிளைத் திருகும் சதுரத் தகட்டு சாக்கெட்), 2 மி.மீ. செம்புக் கம்பி 3 மீட்டர் போதும். சாக்கெட்டின் நடுவில் நிற்கும் கம்பியின் நீளம் மீட்டரில்: 71.25-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தது. விமானத்துக்கு 127 வைத்தால் 56 செ.மீ. சாக்கெட்டின் நான்கு மூலைத் துளைகளிலும் 59 செ.மீ. கம்பிகளைத் திருகி, 45 டிகிரி கீழே வளைக்க வேண்டும். நேராக நீட்டியிருந்தால் 36 ஓம் பக்கம் நிற்பது, வளைத்ததும் 50-ஐ நெருங்கும். முகட்டுச் சட்டத்திலிருந்து நைலான் கயிற்றில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். படுக்கவைத்தால் செங்குத்தாக அதிரும் அலையில் பெரும்பகுதி போய்விடும். ஏ.சி. குழாய், மின்கம்பிகளிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

ஆர்.ஜி.-6 முனையில் எஃப் கனெக்டர் (டிவி கேபிளின் திருகு முனை) போடும்போது கேபிளின் வெளிப் பின்னலின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஆன்டெனா செத்தமாதிரிதான். இரண்டு முனைக்கும் அடாப்டர் வேண்டும்: ஆன்டெனா பக்கம் எஸ்.ஓ.-239-க்குள் போகும் பி.எல்.-259, ஸ்கேனர் பக்கம் பெரும்பாலும் பி.என்.சி. என்ற செருகி.

மேலே காலை உத்தரச் சட்டங்களின் மேல் மட்டும் வையுங்கள். நடுவில் இருப்பது ஜிப்சம் பலகை, ஆள் கீழே போய்விடுவார். கோடையில் அங்கே 50 டிகிரிக்கு மேல் போகும், விடியற்காலையில் வேலையை முடியுங்கள். ஸ்கேனரையும் கணினியில் செருகும் யு.எஸ்.பி. ரிசீவரையும் அங்கே விடாதீர்கள்.

இந்த ஆன்டெனா வீட்டுக்குக் கதிர்வீச்சைக் கொண்டுவரும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்த அலைகள் ஏற்கெனவே படுக்கையறை வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கின்றன. கம்பி எதையும் கூட்டுவதில்லை. பயப்பட வேண்டியது மின்னலுக்கு: பக்கத்தில் விழுந்தாலே கேபிளில் மின்னழுத்தம் தூண்டப்படும், புயல் வந்தால் ஸ்கேனரிலிருந்து கழற்றிவிடுங்கள். அந்த நேரத்துக்கென்று பேட்டரியில் ஓடும் சின்ன வானிலை ரேடியோ ஒன்று தனியாக வேண்டும். 1000-க்கும் மேற்பட்ட நிலையங்களிலிருந்து டொர்னாடோ எச்சரிக்கை சொல்லும் இந்த ஒலிபரப்பு, செல்போன் கோபுரம் சாய்ந்த இரவிலும் கேட்கும். எந்த ஆட்சி வந்தாலும் இதன் நிதியில் கைவைக்கவே கூடாது என்பது என் கருத்து.

எல்லாம் பொருத்திய பிறகு விமான சேனலில் பாட்டு கேட்டால் ஆன்டெனா கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பக்கத்து எஃப்.எம். நிலையம் ரிசீவரைத் திணறடிக்கிறது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் எஃப்.எம். ஃபில்டர் ஒன்றை ஸ்கேனருக்கு முன்னால் மாட்டினால் பாட்டு நின்று விமானி பேசுவார்.