குழந்தையோடு இருந்தும் மனம் நிறையவில்லையா?

தடுப்பூசி போட வரும் தாய்மார்களிடம் "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் குழந்தையைப் பற்றித்தான் பதில் வரும். "பால் நல்லா குடிக்கிறான் டாக்டர், ராத்திரிதான் தூங்கவே விடமாட்டேங்கிறான்." அது சரி, நீங்க எப்படி இருக்கீங்க என்று மறுபடி கேட்டால், தயங்கிவிட்டுச் சொல்வார்கள்: "குழந்தைன்னா உயிர்தான். ஆனா எல்லாரும் சொல்ற மாதிரி சந்தோஷமா இருக்க முடியலையே." கூட வந்த பெரியவர்கள் அறையில் இருந்தால் இந்தப் பதிலும் வராது.

இப்படிச் சொல்கிறவர்களிடம் பாசத்துக்குக் குறைவே இல்லை. குழந்தை வளர்ப்பு ஆளைக் களைப்பாக்கும் வேலை, அதே நேரம் மனத்தை நிறைக்கும் வேலையும்கூட. 2004-ல் உளவியலாளர் டேனியல் கானமனின் குழு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு நேரத்திலும் மனநிலை எப்படி இருந்தது என்று எழுதி வாங்கியது. குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் நேரம் சமையலுக்கும் டிவி பார்ப்பதற்கும் கீழே போய் நின்றது. பின்னர் வந்த ஆய்வொன்றில், "இனிமையாக இருந்ததா?" என்பதோடு "அர்த்தமுள்ளதாக இருந்ததா?" என்றும் கேட்டார்கள். இந்த இரண்டாவது கேள்விக்குக் குழந்தையோடு கழித்த நேரம் மேலே ஏறியது. ஆகவே களைப்பாக இருப்பதை வைத்து "நான் நல்ல அம்மா இல்லை" என்று யாரும் தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம்.

அந்த நிறைவை ஞாயிற்றுக்கிழமை பீச்சிலோ பிறந்தநாள் கேக்கிலோ தேடிப் பயனில்லை. தினமும் எப்படியும் செய்தாக வேண்டிய குளியல், சாப்பாடு, தூக்கம் ஆகியவற்றுக்குள்தான் அது இருக்கிறது. ஆனால் தூக்கமும் இரத்தமும் குறைந்த உடம்பால் அதை உணர முடியாது. முதலில் உடம்பைப் பார்ப்போம்.

குழந்தை பெற்றவளுக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் தூக்கம் என்பதைவிட, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் தூங்குகிறாள் என்பதே முக்கியம். எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் மணிக்கு ஒருமுறை எழுந்தால் மறுநாள் எரிச்சல்தான் மிஞ்சும். தினமும் 4 முதல் 5 மணி நேரம் இடைவிடாத தூக்கத்துக்கு வீடு ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் மாதத்தில் பால் கொடுப்பது மட்டும் அம்மாவின் வேலை. ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தூளியில் போட்டு ஆட்டுவது எல்லாம் அப்பாவுடையதோ பாட்டியுடையதோ ஆகட்டும். 4 முதல் 6 வாரத்தில் பால் சுரப்பு நிலைபெற்ற பிறகு, இரவு 9 மணியிலிருந்து 2 மணிவரை எடுத்து வைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் புகட்டலாம். பாட்டில் வேண்டாம். எடுத்த பால் அறையில் 4 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் அதுவும் அதிகம், எடுத்த உடனே ஃப்ரிட்ஜின் உள்பக்கத் தட்டில் வையுங்கள். அடிக்கடி திறந்து மூடும் கதவுத் தட்டில் குளிர் நிற்காது. 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். சூடாக்க அடுப்பில் ஏற்றாமல், வெந்நீர்க் கிண்ணத்துக்குள் அந்தப் பாத்திரத்தை நிறுத்தினால் போதும்.

இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிட வேண்டும். பிரசவம் முடிந்ததும் இவற்றை நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. இரண்டையும் சேர்த்து விழுங்குவது அடுத்த தவறு. கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது என்பதால் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காபி, டீயோடும் இரும்பு மாத்திரை வேண்டாம். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரை அளந்து கொடுப்பதும், பழத்தையும் கீரையையும் நிறுத்துவதும் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. முதல் ஆறு மாதம் பால் கொடுப்பவளுக்கு வழக்கத்தைவிட நாளுக்கு சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவை. பூண்டுக் குழம்பும் லேகியமும் இருக்கட்டும், அதற்காகச் சோற்றையும் காய்கறியையும் குறைக்காதீர்கள்.

பிரசவமான முதல் வருடத்தில் சிலருக்கு தைராய்டு அழற்சி வரும். முதலில் படபடப்பு, எடை குறைதல். சில மாதம் கழித்து அசதி, மலச்சிக்கல், மந்தம், எதிலும் பிடிப்பில்லாமை. வீட்டில் இதைச் "சோம்பேறித்தனம்" என்பார்கள். இரத்தசோகைக்கு ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.எச் என்று இரண்டு இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

இனி குளியல். பெரும்பாலான வீடுகளில் இது அவசர வேலையாகிவிட்டது, அல்லது முழுக்கக் குளிப்பாட்ட வரும் பாட்டியம்மாவிடம் போய்விட்டது. அம்மா துண்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறாள். பாட்டியம்மா கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் கிடத்துவது நல்ல முறை. குழந்தையின் முகம் பார்ப்பவருக்கு நேரே இருக்கும். அந்த இடத்தில் வாரத்தில் சில நாளாவது அம்மா உட்கார வேண்டும்.

பால் குடித்து முக்கால் மணி நேரம் ஆகட்டும். ஃபேனை நிறுத்துங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையால் தொட்டால் இதமாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, காலிலிருந்து தொடங்குங்கள். வயிறு, மார்பு, கை, கடைசியாக முதுகு. பத்து நிமிடம் தாராளம். மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, மார்புக் காம்பைப் பிதுக்குவது, சாம்பிராணி போடுவது ஆகியவை வேண்டவே வேண்டாம். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா ஆகியிருக்கிறது, பிதுக்கிய மார்பில் சீழ் பிடித்திருக்கிறது.

கை வேலை செய்யட்டும், கண் குழந்தையின் முகத்தில் இருக்கட்டும். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும். மடியிலும் காலிலும் கிடக்கும்போது உங்கள் முகம் சரியாக அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. "இந்தக் கையைத் தேய்ச்சாச்சு, அந்தக் கை எங்கே?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள். ஐந்து விநாடி, சில நேரம் பத்து விநாடி ஆகும். பிறகு ஒரு உதட்டுச் சுழிப்பு, ஒரு "ங்ஙா", ஒரு கால் உதை வரும். நம்மில் பலர் அந்தப் பதில் வருவதற்குள் அடுத்த வார்த்தையைப் பேசிவிடுகிறோம். ஆறு முதல் எட்டு வாரத்தில், ஆளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இந்த இடைவெளியில்தான் முதலில் வரும். குழந்தை முகத்தைத் திருப்பினாலோ, விக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, விரல்களை விறைப்பாக விரித்தாலோ "கொஞ்சம் ஓய்வு கொடு" என்கிறது என்று பொருள். அது உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சை நிறுத்திக் காத்திருந்தால் தானே திரும்பிப் பார்க்கும்.

இதில் எல்லா நேரமும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற பயமும் வேண்டாம். தாயும் சேயும் பழகுவதைப் படம் பிடித்து ஆராய்ந்த உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக், இருவரும் இசைந்திருப்பது சுமார் 30 சதவீத நேரம் மட்டுமே என்று கண்டார். மீதி நேரம் தவறுவதும் சரிசெய்துகொள்வதுமாகப் போகிறது. அவருடைய இன்னொரு சோதனையில், தாய் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தை அசையாமல் சில நிமிடம் வைத்துக்கொள்வார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், குரல் கொடுக்கும், கையை நீட்டும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஃபோன் பார்த்துக்கொண்டே பால் கொடுக்கும்போது நம் முகமும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. நடுராத்திரியில் தூக்கம் வராமலிருக்க ஃபோன் பார்ப்பதைக் குற்றம் சொல்ல மாட்டேன். பகலில் இரண்டு வேளையாவது ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும்.

குடும்ப வாழ்க்கையின் ருசியை அதிகம் கெடுப்பது சாப்பாட்டுச் சண்டைதான். ஒன்றரை வயதுப் பிள்ளையின் பின்னால் கிண்ணத்தோடு ஒரு மணி நேரம் ஓடுவது, யூடியூப்பைக் காட்டி வாயில் அடைப்பது, கடைசியில் இருவரும் அழுவது. அடிப்படையில் இது கணக்குத் தவறு. முதல் வருடத்தில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப் போல மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடத்தில் கூடுவது 2 முதல் 2.5 கிலோதான். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறையத்தான் செய்யும். "முன்ன நல்லா சாப்பிட்டான், இப்ப தட்டிவிடுறான்" என்பதற்கு அநேகமாக இதுவே காரணம். எடை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டின் அளவு இதுதான்: 6 முதல் 8 மாதத்தில் 250 மில்லிக் கிண்ணத்தில் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, மெல்ல அரைக் கிண்ணம் வரை, நாளுக்கு 2 அல்லது 3 வேளை. 9 முதல் 11 மாதத்தில் அரைக் கிண்ணம், 3 அல்லது 4 வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு மாட்டுப்பால் நாளுக்கு 500 மில்லிக்கு மேல் போனால் வயிறு நிறைந்துவிடும், இரும்புச்சத்தும் குறையும். முதலில் பாலைக் குறையுங்கள், சோறு தானாக இறங்கும்.

எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் முடிவு. 25, 30 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். பிள்ளை தானே அள்ளிச் சாப்பிட ஒரு பங்கு, நீங்கள் ஊட்ட ஒரு பங்கு. கீழே சிந்தத்தான் செய்யும். பழைய பேப்பரை விரித்து வையுங்கள். சண்டை நின்ற வீட்டில், இரண்டு வாரத்துக்குள் அந்த அரை மணி நேரத்துக்குச் சிரிப்பு திரும்புவதைப் பார்க்கிறோம்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று வாசலிலேயே கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். டிஃபன் பாக்ஸ் மிச்சத்தையும் ஹோம்வொர்க்கையும் முதல் பத்து நிமிடம் பேச வேண்டாம். பட்டாணி உரிக்கும்போதோ துணி மடிக்கும்போதோ பக்கத்தில் உட்கார வைத்தால், கேட்காமலேயே கதை வரும்.

இவ்வளவையும் ஒருத்தியால் செய்ய முடியாது. இந்தியாவின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். "சொன்னா செய்வார் டாக்டர்" என்பது தீர்வாகாது. சொல்ல வேண்டும் என்று நினைவு வைத்திருப்பதே பாதி பாரம். ஒரு வேலையை நுனி முதல் அடி வரை கைமாற்றுங்கள். தடுப்பூசி அப்பாவுடையது என்றால், அட்டையை எடுத்து வைப்பது, தேதி பார்ப்பது, அழைத்துப் போவது, அன்றிரவு காய்ச்சல் பார்ப்பது எல்லாமே அவருடையது. ஒரு முறை அவர் மறந்தால் நீங்கள் பாய்ந்து எடுத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த நாள் அவரே அழைத்துப் போகட்டும்.

இத்தனை செய்தும் எதிலுமே சந்தோஷம் தட்டாவிட்டால், அதை அறிவுரையால் சரிசெய்ய முடியாது. பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் போய்விடும். இரண்டு வாரம் தாண்டினாலோ, முதல் வருடத்தில் எப்போது தொடங்கினாலோ, அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில், வளரும் நாடுகளில் பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, பெரும்பாலும் மனச்சோர்வாக, மனநலப் பாதிப்பு வருகிறது. இதைக் கண்டறிய 1987 முதல் புழக்கத்தில் உள்ள எடின்பரோ அளவுகோலில் 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண், தமிழிலும் உண்டு. கடந்த 7 நாளில் சிரிக்க முடிந்ததா, எதையாவது ஆவலோடு எதிர்பார்க்க முடிந்ததா என்பவைதான் அதன் முதல் இரண்டு கேள்விகள். 13-ஐ எட்டினால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு "ஆம்" என்ற சாயல் இருந்தாலே, மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

"குழந்தை கையிலிருந்து விழுந்துட்டா?" என்பது போன்ற பயங்கர எண்ணங்கள் தானாக வந்து போவது புதுத் தாய்மார்களிடம் மிகச் சாதாரணம். அதை நினைத்து அவள் பதறுவதே, செய்ய மாட்டாள் என்பதற்கு அடையாளம். மருந்து தேவைப்பட்டாலும் பெரும்பாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிராது. செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-இல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் மனநல உதவி எண் 1926.

ஒரு நிலை மட்டும் வேறு, அது பேறுகாலத் தீவிர மனநோய். தூக்கமே தேவையில்லாததுபோல் இருப்பது, யாரோ பேசுவது காதில் கேட்பதாகச் சொல்வது, குழந்தை தன்னுடையது இல்லை என்றோ தெய்வம் என்றோ பேய் என்றோ உறுதியாக நம்புவது. பிரசவமான ஆயிரம் பேரில் ஒருவர் இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். மந்திரிக்க அழைத்துப் போய் நாளைக் கடத்தாதீர்கள். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல், அந்த இரவிலேயே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்தே அனுமதிக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை உண்டு. உரிய நேரத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் தேறி, அதே குழந்தையைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள்.