சிப் மட்டும்தான் வச்சேன் சார்

டவுன்ஹால் ரோடு பக்கம் கேம் கன்சோல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி வக்கீல் நோட்டீஸோடு என் ஆபீசுக்கு வந்தார். "நான் கேம் காப்பி போட்டு விக்கலை சார். மெஷினைத் திறந்து சிப் மட்டும்தான் வச்சேன். மெஷின் அவங்க காசு குடுத்து வாங்கினதுதானே?"

நியாயமாகத்தான் தெரியும். காப்பி கேம் ஓடாதபடி கம்பெனி மெஷினில் வைத்த பூட்டை ஏமாற்றுவதுதான் அந்தச் சிப்பின் வேலை. ஆனால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். பதிப்புரிமையைக் காக்க வைத்த தொழில்நுட்பப் பூட்டை, அந்த உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. காப்பி போடுவது ஒரு குற்றம் என்றால் பூட்டை உடைப்பது இன்னொரு குற்றம்.

பிடி இருப்பது 'நோக்கத்தோடு' என்ற சொல்லில். அமெரிக்காவின் 1998 சட்டம், சில விலக்குகள் போக, உடைத்ததையே தவறு என்கிறது. நம் சட்டம் எதற்காக உடைத்தாய் என்று கேட்கும்.

பில் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். கார்பன் நீலத்தில், கோணல் எழுத்தில்: 'சிப் + 40 கேம்'. இதற்கு மேல் நோக்கத்துக்கு என்ன சாட்சி வேண்டும்?

"அது ஃப்ரீயா ஏத்திக் குடுத்தது சார்."

ஃப்ரீயாக ஏற்றினாலும் காப்பி காப்பிதான். அதற்கு 63-ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை. வாரண்ட் இல்லாமலே சப்-இன்ஸ்பெக்டர் காப்பிகளைப் பறிமுதல் செய்யலாம்.

கடைக்காரர்கள் கேள்விப்படாத ஒன்றும் 65ஏ-யில் இருக்கிறது. சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகப் பூட்டைத் திறக்க இன்னொருவருக்கு உதவலாம். அப்படி உதவினால் அவர் பெயர், முகவரி, எதற்காகத் திறந்தது, எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். தான் எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்க்கக் கேட்கும் கல்லூரிப் பையனுக்குத் திறந்து கொடுத்தால், கோர்ட்டில் கைகொடுக்கப்போவது அந்த நோட்டுதான். மதுரையில் எந்த சர்வீஸ் கடையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

வீட்டில் கேம் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருட்டு கேம் என்று தெரிந்தே ஓட்டினால் 63பி. வருமானத்துக்காக இல்லையென்றால் சிறையை விட்டு 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு கோர்ட் முடிக்கலாம். மணிக்கணக்கில் காசு வாங்கும் கேம் சென்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.

தம்பி கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பில் புத்தகத்தைக் கிழிச்சுப் போட்டுரவா சார்?"

"கிழிச்சா அது தனி கேஸ். இங்கேயே வச்சிட்டுப் போங்க தம்பி."