மாதிரி ரயிலுக்கு ஆறு ஊற்றும் முன்

மே மாத மதியம் ஒன்றில், பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணாச்சி, கப்புல இருந்து பொகையா வருது!" வீட்டு மாடியில் மாதிரி ரயில் பாதை அமைத்து, அதில் தாமிரபரணிப் பாலம் செய்துகொண்டிருந்தவர். ஆற்றுத் தண்ணீருக்காக இறுகினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் எபாக்ஸி ரெசினை அரை லிட்டர் ஒரே பிளாஸ்டிக் கப்பில் கலந்து வைத்துவிட்டு, பிரஷ் எடுக்கக் கீழே போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் கப்பின் அடி இளகி மேஜையோடு ஒட்டிவிட்டது. "தொடாதீங்க தம்பி, சன்னலத் தெறந்துட்டு வெளிய வாங்க" என்றேன்.

ரெசினும், அதை இறுக்கக் கலக்கும் ஹார்டனரும் சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கும். மெல்லிசாகப் பரவியிருந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். கப்பில் குவிந்து கிடந்தால் உள்ளேயே ஏறும். ஏறிய சூடு இறுகும் வேகத்தைக் கூட்டும், அது மறுபடி சூட்டைக் கூட்டும். நம்மூர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பத்து டிகிரி கூடினால், கலவை கையில் நிற்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். 25 டிகிரியில் 40 நிமிடம் தாங்குவது 35 டிகிரியில் 20 நிமிடம்தான்.

எனக்கு ஆற்றாமை என்னவென்றால், அந்த ஆற்றுக்கு அவ்வளவு ரெசினே வேண்டாம். நிஜத்தில் 87-ல் ஒரு பங்காகச் செய்யும் எச்ஓ (1:87) அளவில், நாலு மீட்டர் ஆழத்தை அப்படியே காட்ட 46 மில்லிமீட்டர் ஊற்ற வேண்டியிருக்கும். யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆழத்தைக் காட்டுவது அடியில் பூசும் பெயின்ட். மேலே நாலு மில்லிமீட்டர் ரெசின் தாராளம்.

ஒருநாள் காலையில் திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறையில் போய் உட்காருங்கள். படியை ஒட்டி மணலும் கூழாங்கல்லும் தெரியும். நாலு எட்டு தள்ளி அதே தண்ணீர் தேன் நிறம், நடுவில் கரும்பச்சை. அப்புறம் ஏதாவது ஒரு பாலத்தின் தூணைப் பாருங்கள். தண்ணீர் வந்து மோதும் பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். மறுபக்கம் சுழித்து, சருகும் நுரையும் அங்கேயே சுற்றும். தூணில் பழைய வெள்ளத்தின் கறை கோடு கோடாக நிற்கும். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து நாகர்கோவிலுக்கோ திருச்செந்தூருக்கோ போகும் ரயில் ஆற்றைத் தாண்டும்போது நம் கண்ணில் படுவது இவைதான். இவற்றை நீங்கள் செய்துவிட்டால், பார்ப்பவர் ஆழத்தை அளக்க மாட்டார்.

மாதிரி ஆற்றின் அடியில் பெயின்டை இப்படிப் பூசுங்கள்: கரையோரம் மணல் நிறம், உள்ளே போகப் போகப் பழுப்பு, நடுவில் கருப்பு கலந்த பச்சை. ஈரம் காயும் முன்பே ஒன்றோடொன்று இழைத்துவிடுங்கள், கோடு விழக்கூடாது. நன்றாகக் காய்ந்ததும் ஊசித்துளைகூட விடாமல் அடைத்துவிட்டு, ரெசினை இரண்டு மில்லிமீட்டர் ஊற்றுங்கள். டப்பாவில் சொன்ன நேரம் வரை இறுகவிட்டு இன்னொரு இரண்டு. அலைக்கும் சுழிக்கும் ரெசின் வேண்டாம். நிறமில்லாத அக்ரிலிக் ஜெல்லைப் பிரஷால் தொட்டுத் தொட்டு இழுத்தால் போதும். குற்றால அருவிக்கும் அதே ஜெல்தான். மழை நாளில் ரெசின் ஊற்றாதீர்கள், மேலே பால் படர்ந்த மாதிரி மங்கிவிடும்.

ஃபைபர் வேலைக்கு விற்கும் பாலியெஸ்டர் ரெசினை விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள். அதிலுள்ள ஸ்டைரீன், தெர்மாகோலில் செய்த மலையைக் கரைத்துவிடும்.

கையைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் உறையில்லாமல்தான் கலப்பேன். கையில் பட்டதைத் தின்னரால் துடைப்பேன். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வருடம் விரலிடுக்கில் அரிப்பு, அப்புறம் கொப்புளம். தோல் மருத்துவர் ஒவ்வாமை என்றார். ஒருமுறை வந்துவிட்டால் அது போகாது. இன்று ஒரு துளி பட்டாலும் மணிக்கட்டு வரை தடித்துவிடும். ஆகவே நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டமான இடம். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் மட்டும். தின்னர் தோலின் எண்ணெயை எடுத்துவிட்டு ரெசினை உள்ளே போக விடும். இறுகாத ரெசினை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, இறுகியதைத் தேய்த்தாலும் முகமூடி வேண்டும். பிள்ளைகளும் நம்மோடு உட்காருவார்கள் என்றால் ரெசினே வேண்டாம், தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வார்னிஷை ஐந்தாறு பூச்சு கொடுங்கள்.

மிஞ்சிய கலவையைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அட்டையில் மெல்லிசாகப் பரப்பிவிட்டால் மறுநாள் இறுகிவிடும், அப்புறம் குப்பையில் போடலாம்.