மலேரியாவும் முறைக்காய்ச்சலும்

வண்ணாரப்பேட்டையில் எங்கள் பாட்டிக்கு மலேரியா என்ற சொல் வாயில் வராது. வீட்டில் யாராவது கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக்க நடுங்கினால், "முறைக்காய்ச்சலா இருக்கப்போவுது. நேத்து விட்டுச்சா, இன்னிக்கு வந்துச்சா?" என்றுதான் கேட்பார். நோயின் போக்கையே அந்தக் கேள்வியில் அடக்கிவிட்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

மலேரியா இத்தாலியச் சொல். 'மலா' என்றால் கெட்ட, 'ஆரியா' என்றால் காற்று. ரோம் நகரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நாற்றக் காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று அங்கே நம்பினார்கள். 1740இல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் இத்தாலியிலிருந்து எழுதிய கடிதத்தில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. அப்புறம் 1880இல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர், நோயாளியின் ரத்தத்தில் இந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் அதைக் கொசுவின் வயிற்றுக்குள் கண்டார். பழி காற்றின்மேல் இல்லை என்று தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. தமிழில் சிலர் இதை 'மலை'யோடு சேர்த்துப் பார்ப்பதுண்டு. காட்டுப் பகுதிக் காய்ச்சலை மலைக்காய்ச்சல் என்று சொல்லும் வழக்கம் அதற்குக் காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் வேர்த் தொடர்பு கிடையாது.

நம்மிடம் நளிர்சுரம், குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்று சொற்கள் இருக்கின்றன. நளிர் என்றால் குளிர், நடுக்கம். அழகான சொல்தான், ஆனால் நடுக்கத்தோடு வரும் எந்தக் காய்ச்சலையும் அப்படிச் சொல்லிவிடலாம். முறைக்காய்ச்சல்தான் குறிபார்த்து அடிக்கிறது. சென்னை ஒண்டுக்குடித்தனங்களில் 'முறைவாசல்' என்போமே, இன்று உங்கள் முறை, நாளை எங்கள் முறை என்று, அதே முறைதான். சென்னையில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுவுக்குள் வளர்ந்து பெருகி, ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அணுக்களைக் கூட்டமாக உடைத்து வெளியே வரும். அப்போதுதான் குளிர், பிறகு அனல், பிறகு உடம்பெல்லாம் வியர்வை. அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மலேரியே என்ற இன்னொரு வகைக்கு 72 மணி நேரம்.

ஆனால் இந்தச் சொல்லை நம்பி ஏமாறவும் கூடாது. தொடக்க நாள்களில் காய்ச்சல் தினமும், ஒழுங்கில்லாமலும் வரும். முறை தெரியட்டும் என்று காத்திருந்தால், ஃபால்சிபாரம் என்ற கொடிய வகையாக இருந்தால், மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சல் வந்ததுமே விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் வழி. தகட்டில் ரத்தத்தைத் தடிப்பாகத் தடவிப் பார்க்கும் தடித்த தடவல், ஒட்டுண்ணி இருக்கிறதா என்று சொல்லும். மெல்லிய தடவல் எந்த வகை என்று சொல்லும்.

கெட்ட காற்று என்ற பெயர் சென்னையில் இன்னொரு வகையிலும் பொருந்தாது. இங்கே நோயைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீஃபென்சி என்ற கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் இருக்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். தமிழ்நாட்டின் மலேரியா நோயாளிகளில் பெரும்பங்கு நெடுங்காலம் இந்த நகரத்தில் இருந்ததற்கு இது முக்கியக் காரணம். எங்கள் தெருவுக்கு வரும் மலேரியா பணியாளர் அக்கா ஒருமுறை என்னை ஏணியில் ஏறச் சொல்லி, தொட்டிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். தண்ணீர்மட்டத்தோடு ஒட்டி, துரும்பு மாதிரி படுத்துக் கிடந்தது புழு. "தலைகீழாத் தொங்குனா வேற கொசு தம்பி, இது படுத்திருக்குது பாருங்க" என்றார். மூடி இருந்தது, ஒரு ஓரம் உடைந்திருந்தது, அவ்வளவுதான்.

'கட்டுப்பாடு', 'ஒழிப்பு' என்ற இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். அது சரியில்லை. கட்டுப்பாடு என்றால் நோயைத் தாழ்த்தி வைப்பது. ஒழிப்பு என்றால் இல்லாமலே ஆக்குவது. இந்தியாவில் 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று தொடங்கியது, 1958இல் ஒழிப்புத் திட்டமாகப் பெயர் மாறியது. பெயரில் ஒழிப்பு வந்தும் நோய் ஒழியவில்லை: 1965 வாக்கில் ஆண்டுக்கு 1 லட்சம் அளவுக்குக் குறைந்த நோயாளிகள் 1976இல் 64 லட்சத்தைத் தாண்டினார்கள்.

மருந்துச் சீட்டிலும் ரத்தப் பரிசோதனைத் தாளிலும் மலேரியா என்றே இருக்கட்டும், குழப்பம் வேண்டாம். வீட்டில் விளக்கிச் சொல்லும்போது முறைக்காய்ச்சல் என்று சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: வைவாக்ஸ் ஒட்டுண்ணி கல்லீரலில் ஒளிந்திருந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி கிளம்பும். அதற்குத்தான் பிரைமாகுவின் என்ற மாத்திரையை வழக்கமாக 14 நாள் கொடுக்கிறார்கள். என் சித்தப்பா ஐந்தாம் நாளே உடம்பு சரியாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார். மீதி மாத்திரை அட்டை அலமாரியிலேயே கிடந்தது. இரண்டு மாதம் கழித்து அதே கம்பளி, அதே நடுக்கம்.