ஜம்ப் சீட்: மடக்கிருக்கையும் நோக்கர் இருக்கையும்

பயணிகள் விமானத்தின் விமானி அறையில், தலைமை விமானிக்கும் துணை விமானிக்கும் உரிய இருக்கைகளுக்குப் பின்னால், மடித்து ஒதுக்கி வைக்கப்பட்ட சிறிய இருக்கை ஒன்றோ இரண்டோ இருக்கும். அதற்கு ஜம்ப் சீட் என்று பெயர். விமானத்தின் வாயிற்கதவுகளுக்கு அருகே, புறப்படும்போதும் தரையிறங்கும்போதும் பணிப்பெண்கள் விரித்து அமர்ந்து பட்டை மாட்டிக்கொள்ளும் இருக்கைக்கும் அதே பெயர்தான். பின்னதில் யார் அமர்வது என்பதில் குழப்பம் எதுவும் இல்லை; பணியில் இருப்பவருக்கு அது பணியிடம். விமானி அறைக்குள் இருக்கும் இருக்கையோ விமானத்தை ஓட்டுவதற்குத் தேவைப்படாதது. அதில் யார் அமரலாம் என்ற கேள்விக்குப் பல நாடுகள் விரிவாகவே சட்டம் எழுதி வைத்திருக்கின்றன.

பாராசூட் வீரர்கள் குதிப்பதற்கு முன் அமர்ந்திருந்த இருக்கை என்பதால் இப்பெயர் வந்தது என்று கருதுவோர் உண்டு. அது பொருந்தாது. விமானம் பிறப்பதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்கக் குதிரை வண்டிகளில் இச்சொல் வழங்கியது. ஒரு வரிசை வண்டியை வேண்டும்போது இரண்டு வரிசை வண்டியாக மாற்றிக்கொள்ள வசதியாக, இடம் பெயர்க்கவும் மடக்கி விரிக்கவும் கூடியதாக அமைத்த இருக்கை அது. துள்ளியது இருக்கைதான், அமர்ந்தவர் எங்கும் குதிக்கவில்லை. பின்னர் மோட்டார் வண்டிகள் வந்தபோது, நீண்ட லிமோசின் கார்களிலும் நியூயார்க்கின் செக்கர் டாக்சிகளிலும் பின்னிருக்கைக்கு முன்னே விரியும் கூடுதல் இருக்கைகள் இப்பெயரைப் பெற்றன. அங்கிருந்து அது விமானத்துக்குள் ஏறியது.

அதன் துணைச் சொல்லான காக்பிட் இதைவிட விநோதமானது. சேவல் சண்டைக்கான குழி என்பதே அதன் நேர்ப்பொருள். போர்க்கப்பலின் கீழ்த்தளத்தில் இளநிலை அதிகாரிகள் தங்கியதும், சண்டையின்போது காயம்பட்டவர்களைக் கிடத்தி மருத்துவம் பார்த்ததுமான இடத்துக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் குண்டடிபட்ட ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் உயிர்விட்டது அத்தகைய ஓரிடத்தில்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் விமானி அமரும் குழிவான இடத்துக்கும் அதே சொல் வந்து சேர்ந்தது. தமிழ் அந்தச் சேவலைத் தூக்கிச் சுமக்காமல் விமானி அறை என்று வைத்துக்கொண்டது நல்லதாயிற்று.

பேச்சில் ஜம்ப் சீட் என்று வழங்கினாலும், அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகள் இதை நோக்கர் இருக்கை, அதாவது உடனிருந்து கவனிப்பவரின் இருக்கை, என்ற பொருளில்தான் குறிப்பிடுகின்றன. ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ320 கையேடுகள் இன்னும் எளிமையாக, மூன்றாம் ஆள் இருக்கை, நான்காம் ஆள் இருக்கை என்று எண்ணிவிட்டுப் போகின்றன. போயிங் 737-இல் முதல் நோக்கர் இருக்கை விமானி அறைக் கதவுக்கு நேர் முன்னே, இரு விமானிகளுக்கும் நடுவில் விரிகிறது. அதில் ஒருவர் அமர்ந்துவிட்டால், அவர் எழுந்து இருக்கையை மடக்கும் வரை வேறு எவரும் அவ்வழியே போய்வர முடியாது. விமானிகளுக்கு நடுவே உள்ள கருவி மேடையில் முழங்கால் இடிக்கும். முதுகு சாய இடம் போதாது. ஆனால் அங்கிருந்து கையை நீட்டினால் எட்டாத கருவி அநேகமாக எதுவும் இல்லை. அந்த இருக்கையின் பயனும் ஆபத்தும் இந்த ஓர் அமைப்பிலிருந்தே பிறக்கின்றன.

அமர்வதற்கு முதல் உரிமை உடையவர் அரசின் ஆய்வாளர். அமெரிக்காவில் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆய்வாளர் தம் சான்றைக் காட்டினால், அவருக்கு விமானி அறையில் தடையற்ற நுழைவு தர வேண்டும். பறந்துகொண்டே ஆய்வு செய்வதற்காக நோக்கர் இருக்கை ஒன்றையும் விமான நிறுவனம் ஒதுக்கித் தர வேண்டும். அடுத்து, சக விமானியின் திறனைச் சோதிக்கும் தேர்வு விமானி, புதிய விமான வகைக்கு மாறி முதலில் பார்த்துப் பழகும் விமானி, தாம் பேசும் மறுமுனையான விமானி அறையை நேரில் அறிய வரும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆகியோர் வருகிறார்கள். குடியரசுத் தலைவர் போன்ற ஒருவர் விமானத்தில் இருக்கும்போது அவருடைய பாதுகாப்புக்கு நியமிக்கப்பட்ட ரகசியக் காவலருக்கும் தனி விதி இருக்கிறது. மற்றவர்களைப் பொறுத்தவரை அதே விதிகளில் கவனிக்கத் தக்க ஒரு நிபந்தனை உண்டு: ஒருவரை விமானி அறைக்குள் அனுமதிப்பதானால், அவர் திரும்பி வந்து அமரப் பயணிகள் பகுதியில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். ஆய்வாளர், கட்டுப்பாட்டாளர், நிறுவனத்தின் சொந்த விமானி போன்ற சிலருக்கு மட்டுமே இதிலிருந்து விலக்கு.

எண்ணிக்கையில் மிகுதியாக அமர்பவர்கள் வேறு. அமெரிக்க விமானிகளில் கணிசமானோர் ஓர் ஊரில் குடியிருந்து, வேறோர் ஊரிலிருந்து பணியைத் தொடங்குகிறார்கள். வேலைக்குப் போய்வர அவர்கள் நம்பியிருப்பது இந்த இருக்கையை. நிறுவனங்கள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டு, ஒருவர் விமானத்தில் மற்றவர் விமானியைக் கட்டணமின்றி ஏற்றிக்கொள்கின்றன. எனினும் உடன்பாடு வாயில் வரைதான் கொண்டுபோகும். வந்தவர் விமானி அறை வாசலில் நின்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு, அடையாள அட்டையையும் உரிமத்தையும் காட்டி, "உங்களோடு வரலாமா?" என்று தலைமை விமானியிடம் கேட்க வேண்டும். கேட்காமல் உள்ளே போய் அமர்வது அந்தத் தொழிலில் பெரும் அவமரியாதை. ஏற்றிக்கொண்ட பின்னரும், 10,000 அடிக்குக் கீழே பறக்கும் வரை பணிக்குத் தொடர்பில்லாத பேச்சு கூடாது என்ற விதி அவரையும் கட்டுப்படுத்தும். பாதுகாப்பு கருதி எவரையும் வெளியேற்றும் நெருக்கடிநிலை அதிகாரம் தலைமை விமானிக்கு எப்போதும் உண்டு.

பின்னிருக்கையில் ஒரு கூடுதல் கண் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு 2018 அக்டோபர் 28-இல் டென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்த லயன் ஏர் விமானத்தைச் சொல்லலாம். அந்த போயிங் 737 மேக்ஸின் மூக்குப் பகுதி தானாகவே மீண்டும் மீண்டும் கீழ்நோக்கித் திரும்பியது. வால் இறக்கையைத் திருப்பும் மின்மோட்டாரை விமானிகள் துண்டித்து, கையால் சக்கரத்தைச் சுழற்றியே ஜகார்த்தா வரை ஓட்டிச் சென்றார்கள். விமானி அறையில் அப்போது மூன்றாவதாக, பணியில் இல்லாத விமானி ஒருவர் அமர்ந்திருந்ததை இந்தோனேசியப் புலனாய்வுக் குழு 2019 மார்ச்சில் உறுதி செய்தது. கோளாறை முதலில் கண்டு சொன்னவர் அவரே என்றும் செய்திகள் வந்தன. மறுநாள் காலை அதே விமானம், பின்னால் எவரும் இல்லாமல், இரண்டு விமானிகளோடு புறப்பட்டுக் கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். மூன்றாமவர் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்வது மிகையாகலாம். ஆனால் இரு கைகளும் சுக்கானைப் பிடித்துப் போராடுகிறவரால் பார்க்க முடியாததை, கை சும்மா இருப்பவரால் பார்க்க முடியும் என்பதை மறுப்பதற்கில்லை. 2010 நவம்பர் 4-இல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பியவுடன் இயந்திரம் வெடித்த குவாண்டாஸ் ஏ380-இலும் தேர்வுப் பணியின் பொருட்டு வந்தவர்களையும் சேர்த்து ஐந்து விமானிகள் இருந்தனர்; 469 பேரும் உயிருடன் தரையிறங்கினார்கள்.

மறுபக்கமும் உண்டு. 1994 ஏப்ரல் 7-இல் மெம்ஃபிஸிலிருந்து புறப்பட்ட ஃபெட்எக்ஸ் சரக்கு விமானத்தில், அதே நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் இந்த உரிமையைப் பயன்படுத்தி ஏறினார். அவர் கொண்டுவந்த கிட்டார் பெட்டிக்குள் சுத்தியல்களும் மீன் வேட்டை ஈட்டித் துப்பாக்கியும் இருந்தன. மண்டை உடைந்த நிலையிலும் மூன்று பணியாளர்களும் அவரை அடக்கி விமானத்தைத் தரையிறக்கினார்கள். 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் பிற நிறுவன விமானிகளை ஏற்றுவது அமெரிக்காவில் நின்றுபோனது. வந்தவரின் பணி எண்ணை இட்டால் அவருடைய படத்தையும் பணிநிலையையும் திரையில் காட்டும் சரிபார்ப்பு முறை வந்த பிறகே அது மீண்டது. ஆனால் அந்தத் திரை ஆளைக் காட்டும், மனத்தைக் காட்டாது. 2023 அக்டோபர் 22-இல் எவரெட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன ஹொரைசன் ஏர் விமானத்தில், முறைப்படி இசைவு பெற்று நோக்கர் இருக்கையில் அமர்ந்திருந்த விமானி திடீரென இயந்திரங்களின் தீயணைப்புப் பிடிகளை இழுக்க முயன்றார். எரிபொருளைத் துண்டித்து இயந்திரத்தை நிறுத்தும் பிடிகள் அவை. விமானிகள் அவரைத் தடுத்து, விமானத்தைப் போர்ட்லாந்தில் இறக்கினார்கள்.

இந்தியாவில் 2023-இல் இச்சொல் நாளிதழ்களில் அடிபட்டது. டெல்லிக்கும் துபாய்க்கும் இடையே பறந்த ஏர் இந்தியா விமானத்தில், பயணியாக வந்த தோழியை விமானி ஒருவர் விமானி அறைக்குள் அழைத்துக்கொண்டார். விமானப் போக்குவரத்து இயக்ககம் அவருடைய உரிமத்தை மூன்று மாதங்களுக்கு நிறுத்திவைத்து, நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. தலைமை விமானியின் இசைவு மட்டும் போதாது, அந்த இசைவைப் பெறத் தகுதியுள்ளவர் யார் என்பதையும் விதிதான் முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம்.

இப்போது தமிழ்ச்சொல். குதி இருக்கை, தாவு இருக்கை என்பவை சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை. அவசரத்தில் விமானத்திலிருந்து வெளியே குதிக்கும் இருக்கை என்றே அவற்றைப் படிப்பவர் நினைப்பார். பார்வையாளர் இருக்கை என்பதற்குத் தேர்தல் பார்வையாளர் என்ற வழக்கு துணை நின்றாலும், நம் காதில் அச்சொல் விளையாட்டரங்கையும் நாடக மேடையையும்தான் நினைவூட்டுகிறது. வேடிக்கை பார்க்க வருபவருக்கான இடம் என்ற தவறான எண்ணத்தை அது வளர்க்கும். கண்காணிப்பாளர் என்றால் அலுவலகத்தின் மேலதிகாரி ஆகிவிடுகிறார். ஆகவே இருபொருள் கொண்ட இந்த ஆங்கிலச் சொல்லை ஒரே தமிழ்ச்சொல்லில் அடைக்க முயலாமல் இரண்டாகப் பிரித்துக்கொள்வதே முறை என்பது என் கருத்து. மடக்கு நாற்காலி, மடக்குக் கத்தி, மடக்குக் கட்டில் என்று நாம் அன்றாடம் வழங்கும் வரிசையில், பொருளைக் குறிக்க மடக்கிருக்கை என்பது இயல்பாக அமரும். பணிப்பெண்களின் இருக்கைக்கும் பழைய டாக்சி இருக்கைக்கும் அதுவே பொருந்தும். விமானி அறையில் இசைவு பெற்றவருக்கு உரிய இடத்தைக் குறிக்க நோக்கர் இருக்கை என்பது தகும். அது விதிநூல்களின் சொல்லோடும் ஒத்துப்போகிறது. அதில் பயணம் செய்பவரைப் பயணி என்று எழுதாமல், உடன் செல்லும் விமானி, உடன் செல்லும் ஆய்வாளர் என்று அவரவர் பணியைச் சேர்த்து எழுதலாம். நிறுவனமே பணிக்காக வேறு ஊருக்கு அனுப்ப, பயணிகள் பகுதியில் அமர்ந்து செல்லும் விமானி இக்கணக்கில் வரமாட்டார். செய்திகளில் இவ்விருவரையும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். "பணியில் இல்லாத விமானி நோக்கர் இருக்கையில் அமர்ந்து சென்றார்" என்றும், "பணிப்பெண் மடக்கிருக்கையை விரித்து அமர்ந்தார்" என்றும் எழுதினால், எது உரிமை, எது பொருள் என்பது அடிக்குறிப்பு இல்லாமலே விளங்கிவிடும்.