கூடைக்குள் 21 நாள்

எட்டு வயதில் நான் ஒரு கோழிக்குஞ்சைக் கொன்றிருக்கிறேன். உதவி செய்யப் போய்த்தான். முட்டை ஓட்டில் மிளகளவு ஒரு ஓட்டை விழுந்திருந்தது. உள்ளேயிருந்து கீச் கீச்சென்று சத்தம். பாவம், வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டதே என்று நகத்தால் ஓட்டைப் பிய்த்தேன். அடியிலிருந்த வெள்ளைச் சவ்வு குறுக்கே நின்றது. அதையும் கிழித்தேன். சவ்விலிருந்து ரத்தம் கசிந்தது. குஞ்சு கொஞ்ச நேரம் தலையை ஆட்டிவிட்டு அடங்கிப் போனது. அப்பத்தா திட்டவில்லை. "அதும் பாட்டுக்கு வந்திருக்கும்டா" என்றாள், அவ்வளவுதான்.

குஞ்சைத் தொடவே இல்லை, சவ்வைத்தானே கிழித்தேன்? ரத்தம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு வந்துவிடும். முட்டை இடுவது நிற்கும். கூடையை விட்டு எழாது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுவதால் வரும் மாற்றம் இது. தாய்மாருக்குப் பால் சுரக்க வைக்கும் ஹார்மோனும் இதுதான். கோழியின் வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். அங்கே ரத்த ஓட்டம் கூடி, தோல் சுடச்சுட இருக்கும். அந்தத் தோல் நேராக முட்டைமேல் படும். முட்டை படப்பட ஹார்மோனும் குறையாமல் இருக்கும். அடையைக் கலைக்க வேண்டுமானால் கோழியை நாலைந்து நாள் கூடைப் பக்கமே விடாமல் வைத்தால் போதும். மூக்கில் இறகைக் குத்திவிடும் வழக்கமும் உண்டு. அது வீண் சித்திரவதை என்பது என் எண்ணம்.

நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் கோழி அடைக்கே உட்காராது. அடை காக்கும் கோழி முட்டை இடாது என்பதால், அடை உட்காராதவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிவிட்டார்கள். அதனால்தான் வருடத்துக்கு 300 முட்டை. அதன் குஞ்சுக்கு மின்சாரப் பெட்டிதான் தாய்.

எனக்குப் பிடித்த இடம் இனிதான். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இரண்டு வார இடைவெளி இருக்கும். ஆனால் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிகின்றன. எப்படி? கோழி முட்டையிடும்போதே கரு வளரத் தொடங்கியிருக்கும். வெளியே வந்து சூடு இறங்கியதும் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். கோழி அடைக்கு உட்கார்ந்து சூடு கொடுத்த பிறகுதான் எல்லா முட்டையிலும் கணக்கு ஒன்றாகத் தொடங்குகிறது. சிக்கல் என்னவென்றால், கரு நன்றாக உறங்க 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது. நம் ஊர் வெயிலுக்கு அது எங்கே நடக்கும்? வெக்கையில் கரு அரைகுறையாக விழித்து, வளர முடியாமல் செத்துப்போகும். அப்பத்தா அடைமுட்டைகளை ஈரமணல் பரப்பிய மண்சட்டியில் வைத்து, மேலே துணி போட்டு மூடுவாள். மணலின் ஈரம் ஆவியாகும்போது சட்டி குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தானே.

அந்த முறை 11 முட்டை வைத்தாள். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டுமாம். கூடையில் வைக்கோலுக்கு நடுவே ஒரு கரித்துண்டு, ஒரு ஆணி, ஒரு மிளகாய் வற்றல். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், இரும்பு காப்பாற்றும் என்பாள். இதற்கு அறிவியல் காரணம் கண்டுபிடித்துச் சொல்லும் ஆசை எனக்கு இல்லை. ஆணி இல்லாத பெட்டியிலும் குஞ்சு பொரிக்கிறது.

ஏழாம் நாள் இருட்டு அறையில், ஓட்டு இடுக்கு வழியே விழும் வெயிலில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்தாள். எனக்கும் காட்டினாள். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்புகள். ஒரு முட்டையில் மட்டும் ஒன்றும் இல்லை, வெறும் மஞ்சள் வெளிச்சம். அது சேவல் சேராத முட்டை. எடுத்து வைத்துவிட்டாள். 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் அடைமுட்டைகளை உடைத்துப் பார்த்து, துடிக்கும் ரத்தப் புள்ளியாகத் தெரிந்த இதயத்தைக் குறித்து வைத்திருக்கிறார்.

அந்த நரம்புகள் எதற்கு? முட்டை ஓட்டில் சுமார் 10,000 நுண்துளைகள் உண்டு. 21 நாளில் அவற்றின் வழியாக ஏறக்குறைய 6 லிட்டர் ஆக்சிஜன் உள்ளே போகிறது, நாலரை லிட்டர் கரியமில வாயு வெளியே வருகிறது. குஞ்சுக்கு அப்போது நுரையீரல் வேலை செய்யாது. ஓட்டின் உட்புறம் முழுக்கப் படர்ந்திருக்கும் ஒரு சவ்வின் ரத்தக்குழாய்கள்தான் மூச்சு வாங்குகின்றன. குஞ்சின் உடலுக்கு வெளியே விரித்துப் போட்ட நுரையீரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழி அடிக்கடி அலகால் முட்டையைப் புரட்டிவிடுகிறதே, அது செய்யாவிட்டால் கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். பண்ணைப் பெட்டியிலும் 37.5 டிகிரி சூட்டில் வைத்து மணிக்கொரு முறை திருப்புகிறார்கள்.

துளை வழியே தண்ணீரும் ஆவியாகிப் போகும். முட்டையின் எடையில் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். காலியான இடத்தில், மழுங்கிய முனைப் பக்கம், காற்று சேரும். 19, 20-ஆம் நாள் குஞ்சு அலகால் அந்தக் காற்றறையைக் குத்தித் திறந்து முதல் மூச்சை இழுக்கிறது. ஓட்டுக்குள்ளிருந்து வரும் கீச் சத்தம் அப்போது ஆரம்பிப்பதுதான். அந்தக் காற்றும் தீர்ந்துவர, அலகின் நுனியிலிருக்கும் சின்ன முள்ளால் ஓட்டைத் தட்டி ஓட்டை போடுகிறது.

போட்டுவிட்டு, சும்மா கிடக்கும்! அரை நாள், சில நேரம் ஒரு நாள்கூட. நான் ஏமாந்தது இங்கேதான். உண்மையில் அந்த நேரத்தில்தான் பெரிய வேலை நடக்கிறது. மூச்சு வாங்கும் பொறுப்பு சவ்விலிருந்து நுரையீரலுக்கு மாறுகிறது. சவ்விலிருந்த ரத்தம் உடலுக்குள் வடிகிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போகிறது. இரண்டு மூன்று நாளைக்கு அதுதான் சாப்பாடு. சாயம் பூசிய குஞ்சுகள் அட்டைப்பெட்டியில் இரை தண்ணி இல்லாமல் ஊர் ஊராகப் போவதும் அந்தக் கட்டுச்சோற்றை நம்பித்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் குஞ்சு உள்ளேயே சுழன்று ஓட்டை வட்டமாக வெட்டி, காலால் உந்தி வெளியே வரும். நான் கிழித்தபோது சவ்வில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியலில் ஏழு குஞ்சுகள் கோழியின் இறகுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. இரண்டு முட்டைகளில் விரிசலே இல்லை. அப்பத்தா ஒரு சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி இரண்டையும் மெல்ல விட்டாள். என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஒன்று அசையாமல் மிதந்தது. மற்றது, யாரோ உள்ளேயிருந்து தட்டியதுபோல், லேசாகத் துள்ளியது. அதைச் சேலையில் துடைத்து மறுபடி கோழிக்கு அடியில் வைத்தாள்.